குத்தாத ஊசி, குறையாத குழாய்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

செவிலியரின் அன்பு என்றதும் எல்லார் கண்ணும் நோயாளியின் கட்டிலுக்குத்தான் போகிறது. அந்தக் கட்டிலுக்கடியில் தரை துடைக்கிறவர், அழுக்குத் துணியை மூட்டை கட்டிச் சலவைக்கு இறக்குகிறவர், நாம் எடுத்த ரத்தத்தை ஆய்வகத்தில் வாங்கிக்கொள்கிறவர், இவர்களிடம் நாம் எப்படி அன்பாக இருக்கிறோம்? சிரித்துப் பேசுகிறோம் என்பீர்கள். நல்லதுதான். ஆனால் நாம் விட்டுப்போகும் வேலை அவர்கள் கையைக் குத்தாமல் இருக்க வேண்டும். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை.

போட்டு முடித்த ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டினால் நம் விரலில் குத்தும். மாட்டாமல் பஞ்சோடும் கையுறையோடும் பையில் போட்டால், பையைத் தூக்குகிற துப்புரவுப் பணியாளரின் தொடையில் குத்தும். நமக்குக் குத்தினால் அது எந்த நோயாளியின் ஊசி என்று தெரியும், அவருடைய ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம். துப்புரவுப் பணியாளருக்கு அந்த வழியும் இல்லை. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி தொற்றுள்ள ஊசி குத்தினால் நோய் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம். நாம் பயப்படுவதோ எச்.ஐ.வி.க்கு மட்டும்!

ஆகவே ஊசிப் பெட்டி கை எட்டும் தூரத்தில், கட்டிலருகிலேயே இருக்கட்டும். போட்டவரே ஊசியை அதில் போட வேண்டும். டிரேயில் வைத்துவிட்டு ‘அப்புறம் எடுக்கிறேன்’ என்றால், அந்த அப்புறம் வேறொருவர் தலையில்தான் விடியும். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் நிறைந்தால் அடுத்து வருகிறவர் கையால் அமுக்கித் தள்ளுவார், உள்ளிருக்கும் ஊசி மேலே எகிறி வரும். ‘மாற்றுவது என் வேலை இல்லை’ என்று எல்லாரும் நினைக்கிற பெட்டிதான் எப்போதும் நிரம்பி வழிகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒருவருக்குக் குத்திவிட்டது என்றால், அந்த இடத்தைக் கழுவ சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போதும். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், பிளீச்சிங் கரைசலில் தேய்க்கவும் வேண்டாம். கழுவிய கையோடு மருத்துவரிடம் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைக் கூடியவரை சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டக் கூடாது. தொடங்கினால் 28 நாள். இந்த இடத்தில் நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை பெரிய விஷயம். ‘பார்த்து எடுக்கக் கூடாதா?’ என்று கேட்டுவிட்டால் அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார். ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. ‘வாங்க அக்கா, நானும் வருகிறேன்’ என்று கூடவே நடந்து, பதிவேட்டில் எழுதவைத்துவிட்டு வாருங்கள். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணையும் அவர் போட்டிருக்கிறாரா என்று குத்துவதற்கு முன்பே கேட்டு வைப்பது இன்னும் உத்தமம்.

ஆய்வகத்தோடு நமக்கு ஓயாத சண்டை. ‘ரத்தம் திரும்ப வேண்டும்’ என்று போன் வந்தால் நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உறைதல் சோதனைக்கான சிட்ரேட் (ரத்தத்தை உறையவிடாத மருந்து) குழாயில் ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு ரத்தம் கணக்கு. கோடுவரை நிரப்பாமல் அனுப்பினால் மருந்து மிஞ்சி, உறையும் நேரம் இல்லாத அளவுக்கு நீண்டு காட்டும். சிரிஞ்சை வலுவாக இழுத்தாலும் குழாயைப் போட்டுக் குலுக்கினாலும் சிவப்பணுக்கள் உடையும், பொட்டாசியம் பொய்யாகக் கூடும். அந்தப் பொய்யை நம்பி மருந்து கொடுத்துவிடக் கூடாது என்றுதான் ஆய்வகத்தில் இருப்பவர் அந்த ரத்தத்தை நிராகரிக்கிறார். குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், நோயாளியின் பக்கத்தில் நின்றே பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள், போன்கள் தானாகக் குறையும்.

சலவைக்குப் போகும் விரிப்பை உதறிப் பார்க்காதீர்கள், கிருமி பறக்கும். கட்டிலிலேயே மெல்ல உருட்டிக்கொண்டே போனால், மறந்துபோன ஊசியோ கத்தரியோ கண்ணில் படும்.

கடைசியாக, ஷிப்ட் மாறும் நேரம். ‘எல்லாம் ஓகே, வரேன் சிஸ்டர்’ என்பதைப் போல ஆபத்தான அன்பு வேறில்லை. கட்டிலருகே நின்று, டிரிப்பில் எத்தனை மில்லி மிச்சம், எத்தனை மணிக்கு முடியும், எந்த மருந்து இன்னும் கொடுக்கவில்லை, எந்த மருத்துவரிடம் என்ன கேட்டுப் பதில் வரவில்லை என்று சொல்லுங்கள். கொடுத்த மருந்துக்கு உடனே கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்தில்லாத கட்டத்தைப் பார்த்து அடுத்தவர் அதே மருந்தை மறுபடி கொடுத்தால், விசாரணையில் நிற்பது அவர்தான். சாப்பிடப் போகும் தோழியை அனுப்பும்போதும் இதே கதைதான். ‘நான் பார்த்துக்கறேன், போய்ட்டு வா’ என்பதோடு விடாமல் அவளுடைய நோயாளிகளில் யாரைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று அரை நிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் அவள் உட்கார்ந்து சாப்பிடுவாள்.