அமிலம் எங்கிருந்து வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பல்லில் குழி விழுந்தால் "பூச்சி அரித்துவிட்டது" என்று சொல்வது வேலூர், ஆற்காடு, குடியாத்தம் என நம் ஊர்ப் பக்கமெல்லாம் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. கண்டங்கத்திரி விதையை அனலில் இட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடித்தால் புழு கீழே விழுந்துவிடும் என்று நம்பும் பெரியவர்களையும் காணலாம். இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பாபிலோனியர் காலந்தொட்டுப் பல நாடுகளில் இருந்ததுதான். பல்லைக் கெடுப்பது புழு அல்ல, அமிலம் என்பதை 1890-இல் வெளியான தம் நூலில் ஆய்வு வழியே விளக்கியவர், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர். பிடுங்கிய பற்களை உமிழ்நீரும் ரொட்டியும் சேர்ந்த கலவையில் உடல் வெப்பநிலையில் வைத்தபோது அவை மென்மையாகின. இறைச்சியுடன் வைத்தபோது அப்படி ஆகவில்லை. கொதிக்கவைத்த உமிழ்நீரிலும் ஆகவில்லை. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன என்பதும், அந்த அமிலமே பல்லின் சுண்ணத்தைக் கரைக்கிறது என்பதும் அதிலிருந்து தெளிவாயின.

பல்லின் மேலுறையான எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கனிமம். வாயின் அமிலநிலை, அதாவது பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள்), ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் அந்தக் கனிமம் கரையத் தொடங்கும். 1940-களில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன், பல்லின் மேல் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்ப் படிவான பற்படலத்தின் மேல் நுண்மின்முனைகளை வைத்துச் சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளிக்கச் செய்து அளந்தார். சில நிமிடங்களிலேயே அளவு சரிந்தது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடித்தது. உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கிறது; கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தில் மீண்டும் படிகின்றன. ஆகவே நாம் எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதோடு, ஒரு நாளில் எத்தனை முறை உண்கிறோம் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

இதை மனிதர்களிடம் நேரடியாகக் காட்டியது சுவீடனில் லுண்ட் நகரின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945 முதல் 1953 வரை நடந்த ஆய்வு. உணவோடு சர்க்கரை பெற்றவர்களுக்குச் சொத்தை சிறிதளவே கூடியது. உணவுக்கு இடையில் ஒட்டும் டாஃபி பெற்றவர்களுக்கு மிகவும் கூடியது. ஆனால் அந்த ஆய்வுக்கு உட்பட்டவர்கள், தங்கள் சம்மதத்தைச் சொல்ல இயலாத, அறிவுத்திறன் குன்றிய உள்நோயாளிகள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத ஆய்வு அது. அதன் முடிவைப் பயன்படுத்தும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்வதே முறை என்பது என் கருத்து.

இதை நம் வழக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். மதியச் சாப்பாட்டோடு ஓர் ஆற்காடு மக்கன் பேடா சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிப்பவரைக் காட்டிலும், கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி காலை முதல் மாலை வரை சர்க்கரை போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுபவரின் பற்களுக்கே ஆபத்து அதிகம். அவர் வாய் நாள் முழுவதும் மீளவே இடமில்லை. குழந்தைகளுக்குப் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிடுவது இதைவிடக் கெடுதல். தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு மிகவும் குறைந்துவிடும். அப்படித் தூங்கும் குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கி, முன்பற்களை ஒரு சுத்தமான துணியால் ஒற்றி, வெளிச்சத்தில் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல் பளபளப்பற்ற வெண்கோடு ஒன்று தெரிந்தால், அது சொத்தையின் தொடக்கம். குழி விழாத அந்தக் கட்டத்தில் அதை மீட்க முடியும். பழுப்பாகிக் குழி விழுந்தபின் பல் தானாக வளர்ந்து அடைபடாது.

இதுவரை சொன்னது நுண்ணுயிர் தயாரிக்கும் அமிலம். நாமே வாயில் ஊற்றிக்கொள்ளும் அமிலம் வேறொரு நோய்க்குக் காரணமாகிறது. அதற்கு அமில அரிப்பு என்று பெயர். இதில் நுண்ணுயிருக்குப் பங்கே இல்லை. சித்திரை வெயிலில் வேலூரில் எலுமிச்சைச் சோடா குடிக்காதவர் யார்? எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-க்குச் சற்று மேல். கோலா பானங்கள் 2.5-ஐ ஒட்டியவை. சர்க்கரை சேர்க்காத பானம் என்று எழுதியிருப்பதால் அமிலம் குறைந்துவிடுவதில்லை. இந்த அரிப்பு குழியாகத் தொடங்காது. கடைவாய்ப் பற்களின் முகடுகள் கிண்ணம்போல் உட்குழிந்து, முன்பல்லின் ஓரம் கண்ணாடிபோல் மெலிந்து, பழைய அடைப்பு மட்டும் பல்லை விடத் துருத்தி நிற்கும். மேல் முன்பற்களின் உட்புறம் தேய்ந்திருந்தால் அமிலம் வயிற்றிலிருந்து வருகிறதா என்று கேட்டறிய வேண்டும். நெஞ்செரிச்சல், அடிக்கடி வாந்தி, கர்ப்பகால வாந்தி ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பேட்டரி சார்ஜ் செய்யும் இடங்களிலும் உலோக முலாம் பூசும் பட்டறைகளிலும் அமில ஆவியைச் சுவாசிப்பவர்களின் முன்பற்களிலும் இத்தகைய தேய்மானம் காணப்படுவது உண்டு.

மோரும் அமிலத்தன்மை உடையதுதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தயிரிலும் மோரிலும் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏராளமாகக் கரைந்திருப்பதால், பல்லிலிருந்து மேலும் சுண்ணம் கரைந்து வெளியேற அங்கே இடமில்லை. ஏறக்குறைய 4 பிஎச் கொண்ட தயிர் பல்லை அவ்வளவாக அரிப்பதில்லை என்பது ஆய்வகங்களில் பலமுறை காணப்பட்ட உண்மை. எனவே வெயிலுக்கு நீர்மோர் என்ற நம் பழக்கத்தைப் பல் மருத்துவர்களும் தாராளமாக வழிமொழியலாம்.

இரண்டு நோய்க்கும் வழி ஒன்றாக இருப்பதில்லை. சொத்தைக்குப் பற்படலத்தை நீக்க வேண்டும். ஆனால் அமிலப் பானம் குடித்த உடனே தேய்த்தால், மென்மையாகிவிட்ட எனாமலையே சேர்த்துத் தேய்த்துவிடுவோம். உடனே தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, தேய்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்வது நலம். செங்கல் பொடி, அடுப்புக்கரி, சாம்பல் ஆகியவற்றை விட்டுவிடுங்கள்; இவை பல்லை வெளுக்கச் செய்வதாகத் தோன்றினாலும் அதன் மேற்பரப்பைச் சுரண்டுகின்றன.

நீரில் இயற்கையாகக் கரைந்திருக்கும், பற்பசையிலும் சேர்க்கப்படும் ஃபுளோரைடு என்ற உப்பைப் பற்றி நம் மாவட்டத்தார் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பலரின் பற்களில் பழுப்புக் கறை படிந்ததற்குக் குடிநீரின் ஃபுளோரைடே காரணம் என்று 1931-இல் வேதியியலாளர் சர்ச்சில் கண்டறிந்தார். அத்தகைய ஊர்களில் சொத்தை குறைவாக இருந்ததால், மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 1945-இல் குடிநீரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் அது சேர்க்கப்பட்டது. பற்பசை வழியே பல்லின் மேற்பரப்பில் படும் ஃபுளோரைடே பெரும்பாலான பாதுகாப்பைத் தருகிறது என்பது பின்னாளில் புரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சொத்தை பரவுவதை நிறுத்தும் சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற பூச்சு மருந்தையும் அப்போதே சேர்த்தது. அது கெட்ட இடத்தைக் கறுப்பாக்கும் என்பதால் முன்பல்லுக்குப் பெற்றோர் தயங்குவார்கள். துளையிடும் கருவியைக் கண்டாலே அலறும் சிறுபிள்ளையின் கடைவாய்ப் பால் பல்லுக்கு அதைப் போல் எளிதான சிகிச்சை இல்லை.

நம்மூரில் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்க வேண்டிய தேவை இல்லாத இடங்களும் உண்டு. கடினப் பாறையைத் துளைத்து ஆழத்திலிருந்து எடுக்கும் நீரில் இது இயற்கையாகவே கூடுதலாக இருக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், வளரும் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புப் பட்டைகளும் நிலையாகப் படியக்கூடும். அவற்றைச் சொத்தை என்று எண்ணித் தேய்ப்பதால் பயன் இல்லை.

மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் பற்பசை போதும். பெரியவர் ஒருவர் அருகில் இருந்து துப்பவைக்க வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்கும் வீட்டுக்கும் ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கும் சொல்ல வேண்டிய அறிவுரை ஒன்றாக இருக்க முடியாது. கிணற்று நீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு அளவைக் கேட்டு வாங்குங்கள்; பிள்ளையைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது அந்தத் தாளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.