கையெழுத்து ஒருவருடையது, கடன் இன்னொருவருடையது

(கல்லூரிப் பொருளாதார மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கும் மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

கடனைப் பற்றிப் பேச மேடையேறுகிறவர்கள் முதலில் இலங்கை வேந்தனைக் கலங்க வைப்பது வழக்கம். நான் அவனை விட்டுவிடுகிறேன். கடன்பட்டவன் நெஞ்சு கலங்கும் என்பது தனிமனிதனுக்குப் பொருந்தும். ஒரு நாட்டின் பெயரால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அமைச்சர்கள் தூக்கம் இழந்ததாக வரலாறு அதிகம் சொல்லவில்லை. கலங்குகிறவர்கள் அந்தப் பத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். பல நேரங்களில், கையெழுத்தான நாளில் அவர்கள் பிறந்திருக்கவும் மாட்டார்கள். உங்கள் வயதுக்காரர்கள்.

உலக வறுமை குறித்த விழிப்புணர்வு என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 17 வறுமை ஒழிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. சுவரொட்டிப் போட்டி வைக்கிறோம், நிதி திரட்டுகிறோம். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சுவரொட்டிகளில் வறுமை வறட்சியைப் போலவும் புயலைப் போலவும் தானாக வந்து இறங்கிய ஒன்றாகவே இருக்கிறது. அதற்குத் தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. எனவே தேதியும் கையெழுத்தும் உள்ள ஒரு கதையைச் சொல்கிறேன்.

1979-ஆம் ஆண்டு. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் உள்ள ஜாம்பியா, டிராக்டர் முதலிய வேளாண் இயந்திரங்கள் வாங்க ருமேனியாவிடம் ஏறக்குறைய 1.5 கோடி டாலர் கடன் பெற்றது. ஜாம்பியாவின் வருமானம் என்றால் தாமிரம்தான். 1970-களின் நடுவில் தாமிர விலை சரிந்திருந்தது. எண்ணெய் விலையோ ஏறியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கா தன் பணவீக்கத்தை அடக்க வட்டியை 20 சதவீதத்தை ஒட்டி உயர்த்தியபோது, டாலரில் கடன் வாங்கிய ஏழை நாடுகள் எல்லாம் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. ஜாம்பியாவால் கட்ட முடியவில்லை. வட்டி ஏறிக்கொண்டே போனது.

1999-இல் ருமேனியா, வந்தவரை போதும் என்று அந்தக் கடனை விற்றுவிட்டது. வாங்கியது டோனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம். கொடுத்த விலை சுமார் 33 லட்சம் டாலர். பிறகு லண்டன் நீதிமன்றத்தில் ஜாம்பியாவிடம் கேட்ட தொகை 5.5 கோடி டாலர்! நம் ஊரில் வாராக் கடனுக்கான புரோநோட்டை யாரோ அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு முழுத் தொகைக்கும் வாசலில் வந்து நிற்பதுபோல. 2007-இல் நீதிமன்றம் கேட்டதையெல்லாம் கொடுக்கவில்லை, ஏறக்குறைய 1.55 கோடி டாலர் தர உத்தரவிட்டது. போட்ட பணத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

இத்தகைய நிறுவனங்களைப் பிணந்தின்னிக் கழுகு நிதியங்கள், சுருக்கமாகக் கழுகு நிதியங்கள், என்கிறார்கள். கழுகுக்கு இது அவமானம் என்பது என் கருத்து. அது செத்ததைத்தான் தின்கிறது. இவர்கள் நோயாளி எழுந்து உட்காரும்வரை காத்திருக்கிறார்கள். காலக்கணக்கைக் கவனியுங்கள். 2005-க்குப் பிறகுதான் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் பணக்கார நாடுகளும் ஜாம்பியாவின் கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தன. சுமார் 700 கோடி டாலராக இருந்த வெளிக்கடன் 50 கோடி அளவுக்கு இறங்கியது. 2006 ஏப்ரலில் கிராமப்புற மருத்துவ நிலையங்களில் கட்டணம் ரத்தானது. மற்றவர்கள் விட்டுக்கொடுத்ததால் கருவூலத்தில் கொஞ்சம் பணம் தங்கியது. தீர்ப்பு வந்து அதில் கை வைத்தது.

'ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, வாங்கினால் கட்ட வேண்டாமா?' என்று உங்களில் வணிகவியல் படிப்பவர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு கம்பெனியால் கட்ட முடியாவிட்டால் திவால் சட்டம் இருக்கிறது; இந்தியாவில் 2016-இல் புதிதாகவே ஒன்று இயற்றினோம். கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே மேசைக்கு வர வேண்டும், ஆளுக்குக் கொஞ்சம் இழக்க வேண்டும். ஒரு நாட்டுக்கு அப்படி ஒரு சட்டமோ நீதிமன்றமோ கிடையாது. 2001-இல் சர்வதேச நாணய நிதியத்தின் துணைத் தலைமையில் இருந்த ஆன் க்ரூகர் இப்படியொரு ஏற்பாட்டை முன்மொழிந்தார். 2003-இல் அமெரிக்காவின் எதிர்ப்பில் அது கிடப்பில் போடப்பட்டது. முன்மொழிந்தவர் புரட்சிக்காரர் அல்லர், சந்தைப் பொருளாதாரத்தில் ஊறியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜாம்பியாவுக்குக் கிடைத்த அந்தத் தள்ளுபடிகூடத் தானாக வரவில்லை. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் நடத்திய மார்ட்டின் டென்ட் என்பவரும் ஓய்வுபெற்ற தூதர் பில் பீட்டர்ஸும் தொடங்கிவைத்த யோசனை, ஜூபிலி 2000 என்ற இயக்கமாக வளர்ந்தது. 1998 மே 16 அன்று பர்மிங்ஹாமில் ஜி-8 எனப்படும் எட்டு வல்லரசு நாடுகளின் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் நகரின் நடுவே மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அவர்கள் உண்டியல் குலுக்கவில்லை, 'கடனை ரத்து செய்' என்றார்கள். பின்னர் 2010-இல் பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றியது. கடன் தள்ளுபடி பெற்ற ஏழை நாடுகளிடம் கழுகு நிதியங்கள் பழைய கடனுக்கு முழுத் தொகை கேட்டு பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் வெல்ல முடியாது.

இங்கேயே நிறுத்தினால் கைதட்டலோடு கீழே இறங்கிவிடலாம். ஆனால் ஜாம்பியா நிறுத்தவில்லை. 2012, 2014, 2015 என மூன்று முறை வெளிநாட்டுச் சந்தையில் கடன் பத்திரம் விற்று, அதாவது முதலீட்டாளர்களிடம் கடன் வாங்கி, 300 கோடி டாலர் திரட்டியது. முதல் முறை வட்டி 5.375 சதவீதம், மூன்றாம் முறை 9 சதவீதத்தைத் தொட்டது. 2020 நவம்பரில் வட்டித் தவணை தவறியது. அதைச் சீர்செய்ய, பத்திரம் வைத்திருந்தவர்களோடு உடன்பாடு முடிய, 2024 ஜூன் ஆயிற்று. தள்ளுபடிக்குப் போராடியவர்களில் எத்தனை பேர் 2012-இல் விற்ற பத்திரத்தைப் படித்தார்கள்? என் மனக்குறை அதுதான்.

பக்கத்து நாட்டுக்கு வருவோம். 2022 மார்ச்சில் இலங்கையின் மேல் மாகாணத்தில் அச்சிடக் காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. காகிதம் வாங்க டாலர் இல்லை. ஏப்ரல் 12 அன்று வெளிக்கடன் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால் மாவும் மருந்தும் ஏற்றிய கப்பல் கொழும்புக்குப் போனது. நல்ல காரியம். ஆனால் அந்தக் காலத்தில் இளைஞர்களிடம் பேசும்போதெல்லாம் எனக்குக் கிடைத்த விளக்கம் ஒன்றே: சீனா கடன் கொடுத்துக் கவிழ்த்துவிட்டது. உண்மையில் சீனாவிடம் பட்ட கடனைவிடப் பெரியது, 2007 முதல் சர்வதேசச் சந்தையில் விற்ற டாலர் பத்திரங்களால் வந்த கடன். உள்ளூர்த் தவறும் சிறியதல்ல. 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது எந்த வெளிநாட்டவரும் அல்ல. கொழும்பின் காலிமுகத்திடலில் போராடக் கூடிய இளைஞர்கள் தங்கள் ஆட்சியாளர்களைப் பார்த்துக் கத்தியதில் நியாயம் இருந்தது.

இளைஞர்களின் விழிப்புணர்வுக்கு என்னிடம் எடுத்துக்காட்டுக் கேட்டால் நான் கென்யாவைச் சொல்வேன். 2024-இல் கடன் சுமைக்காக வரி திரட்ட ஒரு நிதி மசோதா வந்தது. ரொட்டிக்கு 16 சதவீத வரி என்பதும் அதில் இருந்தது. நைரோபியின் இளைஞர்கள் அந்த மசோதாவை ஷரத்து ஷரத்தாகப் பிரித்து, உள்ளூர் மொழிகளில் விளக்கிக் காணொளிகளாகப் பரப்பினார்கள். கட்சியும் இல்லை, தலைவரும் இல்லை. ஜூன் 25 அன்று நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் நுழைந்தது, காவல்துறை சுட்டது, பலர் இறந்தார்கள். மறுநாள் அதிபர் வில்லியம் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மறுத்தார். கடன் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் எதைப் படிக்கலாம் என்று கேட்பீர்கள். வெளிநாட்டுச் சந்தையில் விற்கப்படும் அரசுப் பத்திரங்கள் பெரும்பாலும் நியூயார்க் அல்லது இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் எழுதப்படுகின்றன. இலங்கைப் பத்திரங்கள் நியூயார்க் சட்டத்தில் வருபவை. 2022 ஜூலையில் கெடு முடிய இருந்த 100 கோடி டாலர் பத்திரத்தில் 25 கோடிக்கு மேல் கையில் வைத்திருந்த ஹாமில்டன் ரிசர்வ் பேங்க் என்ற தனியார் வங்கி, முழுத் தொகையும் கேட்டு அங்கேதான் வழக்குத் தொடுத்தது. பிரிட்டன் 2010-இல் செய்ததைப் போன்ற மசோதாக்கள் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் 2023-இலும் 2024-இலும் வந்து, நிறைவேறாமல் போயின. அவற்றின் வாசகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; அடுத்த கூட்டத்துக்கு அதைப் படித்துவிட்டு வாருங்கள். இப்போது கேள்விகளைக் கேட்கலாம்.