குருவின் நகலா, சொந்தக் கையா?

பெரியோர்களே, பெற்றோர்களே, வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பேச்சு எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

கண்டிப்பான ஆசிரியரிடம் வருடக்கணக்கில் கற்றால் சொந்தப் பாணி செத்துவிடும் என்று வாதிடுகிறவர்கள் முதலில் வீணை எஸ். பாலசந்தரை இழுத்து வருவார்கள். வீணையில் அவருக்குக் குரு இல்லை என்பது உண்மைதான். வீணைத் தண்டில் விரல் வைக்கும் ஒரே மெட்டுக் கட்டையில் தந்தியை இழுத்துப் பல ஸ்வரங்களைப் பேசவைக்கும் வித்தையைத் தாமே கண்டடைந்தார். அதற்காக ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் ஆசிரியரிடமிருந்து நிறுத்திவிட முடியுமா?

வயலினுக்கு வருவோம். லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன். ஏறக்குறைய ஒரே வயதினர். மூவருக்கும் தந்தையே குரு. வகுப்பு முடிந்ததென்று எழுந்து ஓட வழியில்லை! அப்படி வளர்ந்த மூவரையும் வானொலியில் இரண்டு நிமிடம் கேட்டாலே இது யாருடைய வில் என்று ரசிகர் சொல்லிவிடுவார். ஆகவே பாணியைக் கொல்வது கண்டிப்பு அல்ல.

தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை நோட்டில் 'க' என்று ஓர் எழுத்தாகத்தான் எழுத முடியும். அது எங்கே பிடித்து, எவ்வளவு அசைந்து, எங்கே நிற்க வேண்டும்? ஆசிரியர் பாடிக்காட்டுவார், பிள்ளை வாசிக்கும், அவர் உதட்டைப் பிதுக்குவார், பிள்ளை மறுபடி வாசிக்கும். ஒரு மாலைப் பொழுது முழுவதும் இதிலேயே போய்விடும். அந்த நேரத்தில் பிள்ளை "இது என் பாணி" என்றால், ஆசிரியர் சிரிக்காமல் வேறென்ன செய்வார்?

கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. "மற்றவர்கள் கச்சேரிக்குப் போகாதே, பாடம் கெட்டுவிடும்" என்று சொல்லும் ஆசிரியரிடம் இருக்கிறது. அங்கே வளர்கிற மாணவருக்குக் காதில் ஒரே குரல். பிறகு குரு ஒரு வரியை மெருகேற்றும் சங்கதி மட்டுமா வரும்? அவருடைய தொண்டைக் கனைப்பும் சேர்ந்து வரும்!

பாணி பிறப்பது பலரையும் கேட்டுக் கேட்டு வரும் கேள்வி ஞானத்தில். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்கள் என்ற அதிவேக ஸ்வரக் கோவைகளுக்குப் பின்னால் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் ஒலிக்கிறது. மாலி, குழலில் விரல் வைக்கும் முறையையே மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களை, அந்த ஸ்வர அசைவுகளை, புல்லாங்குழலுக்குக் கொண்டுவந்தார். வாய்ப்பாட்டைக் கேட்டு ஊறாமல் அது நடந்திருக்காது. அந்த மாலியிடம் கற்ற என். ரமணி, நீளமான குழலை எடுத்துக் கீழ் ஸ்தாயியின் கனமான நாதத்தைத் தமக்கென்று ஆக்கிக்கொண்டார். பரூர் சுந்தரம் ஐயரோ ஒரு படி மேலே போய், மகன் கோபாலகிருஷ்ணனுக்கு ஹிந்துஸ்தானி இசையையும் தாமே கற்றுக்கொடுத்தார். மாற்று இசையை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்த குரு அவர். இப்படி ஒருவர் கிடைத்தால் கண்டிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பிள்ளையை வகுப்பில் விடும்போது ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள்: "ஐயா, இந்த மாதம் யாருடைய கச்சேரிக்கு அழைத்துப் போகலாம்?" அவர் இரண்டு மூன்று பெயர்கள் சொன்னால், அதிலும் தம்மைப்போல் வாசிக்காத ஒருவரைச் சொன்னால், அந்த வாசலை விடாதீர்கள். முகம் சிவந்தால், வர்ணங்கள் என்னும் அடிப்படைப் பாடங்கள் முடியும் வரை பொறுத்திருந்துவிட்டு, அப்புறம் வேறு வாசல் பாருங்கள்.