நாற்பது விநாடி மிதந்தேன், இருநூறு ரூபாய் தண்டம் அழுதேன்

தலையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், குளத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு நாற்பது விநாடி! இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, தரையைத் தொடாமல் நின்றேன். முதல் வாரம் மூன்றே விநாடியில் மூழ்கிய வீடியோவுக்குக் கேலி எழுதியவர்கள் எல்லாரும் இப்போது எங்கே?

வாட்டர் போலோ, அதாவது தண்ணீரில் நீந்திக்கொண்டே பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம், ஆடுகிறவர்கள் ஆட்டம் முழுக்க இப்படித்தான் தரையைத் தொடாமல் நிற்கிறார்கள். முட்டை அடிக்கும் கருவியைப் போல இரண்டு கால்களையும் எதிரெதிர்த் திசையில் சுழற்ற வேண்டும். எனக்குத் தொடை இரண்டும் கழன்றுவிட்டன.

அதற்குமுன் இந்த நீச்சல் தொப்பிக் கதை. குளத்துக்குக் கட்டணம் 150 ரூபாய், சரி. தொப்பியை வீட்டில் மறந்துவிட்டேன். தொப்பி இல்லாமல் இறங்கக் கூடாதாம், அங்கேயே வாங்க வேண்டுமாம், 200 ரூபாயாம். குளத்தைவிடத் தொப்பி விலை அதிகம்! கடைத்தெருவில் எண்பது ரூபாய்க்குக் கிடைக்கும் அதே ரப்பர். அதுவும் பச்சை. எனக்கும் பச்சைக்கும் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். கழற்றும்போது தலைமுடியும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது.

சரி, மனுவேல் எஸ்டியார்ட்டே. ஸ்பெயின் நாட்டு வாட்டர் போலோ வீரர். போன வீடியோவில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். நேற்று இரவு 1992 பார்சிலோனா ஒலிம்பிக் இறுதிப் போட்டியை மறுபடி பார்த்தேன். சொந்த ஊர் ரசிகர்கள், எதிரே இத்தாலி. 7-7 என்று முடிந்து கூடுதல் நேரம். இவர் பெனால்டியில் 8-7 ஆக்குகிறார். முடிந்தது என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன், முடிவு தெரிந்தும்! இத்தாலி சமன் செய்கிறது. மூன்று மூன்று நிமிடமாக ஆறு கூடுதல் பகுதிகள். கடைசியில் 9-8, இத்தாலிக்குத் தங்கம். நாற்பது விநாடிக்கே நாக்குத் தள்ளிய நான், 46 நிமிடம் தண்ணீரில் கிடந்த அந்த முகங்களைப் பார்த்து வாயடைத்துப் போனேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். 1980, 84, 88, 92 என்று தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கிலும் அதிகக் கோல் இவருடையதுதான். ஆனால் தங்கம் கிடைத்தது 1996 அட்லாண்டாவில், கோல் கணக்கில் இவர் முதலிடத்தில் இல்லாத வருடத்தில். இறுதிப் போட்டியில் குரோஷியாவை 7-5 என்று வென்றார்கள். அப்போது இவருக்கு 34 வயது. மலைபோன்ற ஆட்கள் மோதும் ஆட்டத்தில் இவர் உயரம் 1.78 மீட்டர்தான். 2000 சிட்னியில், ஆறாவது ஒலிம்பிக்கில், ஸ்பெயின் கொடியை ஏந்தி நடந்தார். இவரை வாட்டர் போலோவின் மரடோனா என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. கால்பந்துக்காரரின் பெயரைக் கடன் வாங்கித்தான் இவரைப் புகழ வேண்டுமா? பிறகு கால்பந்துப் பயிற்சியாளர் குவார்டியோலாவுடன் கால்பந்து அணிகளிலேயே வேலைக்குப் போய்விட்டார் என்பது வேறு கதை.

அடுத்த வாரம் ஒரு நிமிடம். தொப்பியைப் பையில் இப்போதே வைத்துவிட்டேன், பச்சையைத்தான். இருநூறு ரூபாய் ஆயிற்றே!