ஜனாதிபதியின் அண்ணத்தில் ஒரு புண்

நேயர்களுக்கு வணக்கம்.

வாய்ப்புண்களிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது என் வேலை. நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற ஒரு துணுக்கு இருக்கிறது. அது நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு எடுத்தது.

1893 ஜூன். அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாண்டுக்கு வயது 56. சுருட்டுப் பிரியர். மேல் அண்ணத்தில் இடப்பக்கம் ஏதோ சொரசொரவென்று தட்டுப்பட, மருத்துவர் ஓரெய்லியைக் கூப்பிட்டுக் காட்டினார். கால் டாலர் நாணயம் அளவுக்குப் புண். மேலே காலிஃபிளவர் பூப் போலச் சதை. துளி எடுத்து, யாருடையது என்று சொல்லாமலே பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் நோயியல் நிபுணர் வில்லியம் வெல்ச் வரை போனது. புற்றுநோய் என்றே பதில் வந்தது. பெரிய மனிதரின் பெயர் கண்ணை மறைக்காமல் வந்த பதில் அது. எனக்கு அதில் தனி மரியாதை உண்டு.

எட்டு வருஷம் முன்புதான் இன்னொரு சுருட்டுப் பிரியர், முன்னாள் ஜனாதிபதி கிராண்ட், தொண்டைப் புற்றால் இறந்திருந்தார். அப்போதும் பதவியில் இருந்தவர் கிளீவ்லாண்டுதான். அந்த நினைவு எப்படி வருத்தியிருக்கும்!

நாட்டில் வங்கிகள் திவாலாகிக்கொண்டிருந்த நேரம். விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று, ஜூலை 1-ஆம் தேதி நண்பர் ஒருவரின் 'ஒனைடா' என்ற உல்லாசப் படகில் வைத்து அறுவை செய்தார்கள். ஐந்து பற்களும் இடது மேல்தாடையில் பெரும்பகுதியும் போயின. எல்லாம் வாய் வழியாகவே. முகத்தில் ஒரு கீறல் இல்லை. அப்புறம் ரப்பரில் செயற்கைத் தாடை செய்து பொருத்த, பேச்சும் திரும்பியது. ஆகஸ்டில் எட்வர்ட்ஸ் என்ற நிருபர் இதை எழுதியபோது பொய்யர் என்று தூற்றினார்கள். அறுவையில் இருந்த டாக்டர் கீன் 1917-ல் உண்மையை எழுதும்வரை, 24 வருஷம், அந்தப் பழியை எட்வர்ட்ஸ் சுமந்தார். அநியாயம்.

சரி, கிளீவ்லாண்டு என்ன ஆனார்? நோய் திரும்பவே இல்லை. 15 வருஷம் வாழ்ந்து 1908-ல்தான் இறந்தார். அப்படியானால் அது புற்றே இல்லை என்று பின்னாளில் பலர் சந்தேகப்பட்டார்கள். நல்லவேளை, வெட்டியெடுத்த கட்டி பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தது. 1970-களில் மறுபடி பரிசோதித்து, 1980-ல் முடிவை வெளியிட்டார்கள்: வெர்ரூகஸ் கார்சினோமா என்ற வகைப் புற்றுதான். மரு மாதிரி மேலே தடித்து, மெதுவாகப் பக்கத்துச் சதையைத் தின்னும். உடம்பின் வேறு இடத்துக்குப் பரவுவது அபூர்வம். முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

புகையிலை அடக்குகிற நம் ஊர்க்காரர்களின் கன்னத்தில் இதே கட்டியை நான் பார்த்திருக்கிறேன். மேலோட்டமாகத் துளி எடுத்தால் இன்றும் ஏமாற்றிவிடும். வெறும் மருவாகத் தெரியும். இதைத் தனி வகையாக அமெரிக்க நோயியல் நிபுணர் அக்கர்மேன் விவரித்ததே 1948-ல்தான். வெல்ச்சிடம் அந்தப் பெயர்கூடக் கிடையாது. ஆனாலும் புற்று என்றது சரியாகவே இருந்தது.