பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் தாயா குற்றவாளி?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவில் குடியேறிய சீனக் குடும்பங்களில் தாய்மொழி பிள்ளைகளிடம் நிலைக்காமல் போவதற்குக் காரணம் பெற்றோரின் அலட்சியமா, சூழலின் நெருக்கடியா என்பது கேள்வி. சூழலே என்பது எங்கள் அணியின் கட்சி. "வீட்டில் பேசுவதற்குக் கூடவா காசு கேட்கிறார்கள்?" என்று எதிரணி நண்பர் கைதட்டல் வாங்கிச் சென்றார். காசு வேண்டாம்; நேரம் வேண்டுமே! தையற்கூடத்தில் இரவுவரை துணி தைத்துவிட்டு வரும் தாய்க்கு, உறங்கும் பிள்ளையின் முகம்தான் காணக் கிடைக்கிறது.

அலட்சியமுள்ளவர்களா சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூட வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து, தாங்களே ஆசிரியராகவும் நின்று சீனம் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அந்த வகுப்பில் கட்டம் போட்ட ஏட்டைப் பாருங்கள். 'அம்மா' என்னும் ஓர் எழுத்தை மரபு வடிவில் எழுத 13 கோடுகள் வேண்டும். சீனாவின் எளிய வடிவில் 6 போதும். தைவானிலிருந்து வந்த குடும்பத்துக்கு முன்னது, பெய்ஜிங்கிலிருந்து வந்த குடும்பத்துக்குப் பின்னது. தென்சீனாவின் தொய்சான் பகுதியிலிருந்து வந்தவர்களின் நிலை இன்னும் சிக்கல். வீட்டுப் பேச்சு ஒன்றாக இருக்க, வகுப்பில் நடப்பது பெரும்பாலும் சீனாவின் பொதுமொழியான மாண்டரின் என்பதால், முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கும் பாட்டியோடு பேச்சு வராது. தென்சீனாவின் இன்னொரு மொழியான கன்டோனியத்தில் அம்மாவைப் பெற்றவள் 'போபோ', அப்பாவைப் பெற்றவள் 'மாமா' (நம் காதுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்). இரண்டு உறவையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் அழைக்கப் பிள்ளை வீட்டிலா கற்றது?

ஆங்கிலத்தையே பேசு என்று சொன்ன பெற்றோரும் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் ஏன் அஞ்சினார்கள்? சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீன மாணவர்கள் ஏறத்தாழ 1,800 பேர் தனி உதவி ஏதுமின்றி, பாடம் புரியாமலே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974இல் தலையிட்ட பிறகே அது தவறென்று ஆயிற்று. அதே கலிபோர்னியாவில் 1998இல் வாக்கெடுப்பு நடத்தி, பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெரிதும் ஒடுக்கினார்கள். 2016இல்தான் அதை மாற்றினார்கள். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் பாலர் வகுப்புப் பிள்ளை பள்ளியையே முடித்துவிடும்.

சிங்கப்பூரில் மட்டும் சீனத்தைக் காப்பாற்ற எப்படி முடிந்தது என்கிறார்கள். காப்பாற்ற முடிந்தது மாண்டரினைத்தான், ஐயா. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கத்தை அரசு தொடங்கியது. வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் ஹொக்கியன், தியோச்சியூ என்னும் மற்றச் சீன மொழிகள் படிப்படியாக விலக்கப்பட்டன. மக்களில் முக்கால் பங்கினர் சீனராய் இருந்தும், தாத்தா பாட்டி வீட்டில் பேசிய அம்மொழிகள் பேரப்பிள்ளைகளிடம் பெரும்பாலும் தங்கவில்லை. அங்கே ஒரு சமூகமே காப்பாற்ற முடியாததை, சான்பிரான்சிஸ்கோவின் ஓர் அறைக் குடியிருப்பில், தையல் வேலை முடித்துவரும் ஒருத்தி தனியாகக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பது என்ன நியாயம், நடுவர் அவர்களே?