டிக்கெட் வாங்கும்போது படம் பாத்திருக்கோமா?

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘நல்ல படம் எதுன்னு தீர்மானிப்பது வசூலா, பார்த்தவர் மனமா?’ மனம்தான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: “லட்சக்கணக்கான பேர் காசு கொடுத்துப் பாக்குறாங்களே, அதைவிடப் பெரிய தீர்ப்பு ஏது?” ஐயா, டிக்கெட்டை எப்ப வாங்குறோம்? படம் பாக்குறதுக்கு முன்னாடி! முதல் நாள் வசூல் சொல்றதெல்லாம் போஸ்டர் இழுத்துச்சு, நாயகன் மேல பாசம் இருந்துச்சுங்கறதைத்தான். படத்தைப் பத்தி அது இன்னும் வாயே திறக்கல.

2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வந்துச்சு. நான் போன காட்சியில பாதி நாற்காலி காலி. ரயில் விபத்துல அடிபட்ட சின்னப் பையனுக்கு மாதவன் ரத்தம் கொடுக்குறார். அதுவரைக்கும் யாரைப் பாத்தாலும் எரிஞ்சு விழுந்தவர். ஆம்புலன்ஸ்ல கூடவே போறார். பையன் பிழைக்கல. பேர்கூடத் தெரியாத பிள்ளைக்காக அந்த மனுஷன் உடைஞ்சு அழுறதைப் பாத்து, எனக்கு முன் வரிசையில ஒரு பெரியவர் துண்டால முகத்தைப் பொத்திக்கிட்டார். வசூல் கணக்குல அவர் ஒரே ஒரு டிக்கெட். அந்தக் கண்ணீரை எந்த நோட்டுல எழுதுவீங்க? அன்னிக்கு ஓடலைன்னு தள்ளுன படத்தை, அப்புறம் டிவியில போடப் போட வீடு வீடா உக்காந்து பாத்தாங்களே, எப்படி? படத்துல ஒரு காட்சிகூட மாறல!

இந்தியில 1959-ல குருதத் எடுத்த ‘காகஸ் கே ஃபூல்’. ஆளில்லாத ஸ்டூடியோ, மேலிருந்து தூண் மாதிரி இறங்குற வெளிச்சம், தள்ளித் தள்ளி நிக்கிற ரெண்டு பேர். வி. கே. மூர்த்தியோட கேமரா! அந்தப் படம் விழுந்துச்சு. அதுக்கப்புறம் எந்தப் படத்துலயும் இயக்குநர்னு தன் பேரை குருதத் போட்டுக்கல. வசூல் சொன்ன தீர்ப்பு ஒரு கலைஞனை என்ன பண்ணுச்சுன்னு பாருங்க நடுவர் அவர்களே. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

“அப்போ ஓடின படமெல்லாம் மட்டமா?”ன்னு அடுத்து வர்றவர் கேப்பார். இல்லவே இல்லை! 1989-ல வந்த ‘கரகாட்டக்காரன்’ எனக்கு உசுரு. மதுரையில ஒரு வருஷத்துக்கு மேல ஓடுச்சுங்கறதுக்காகவா? அந்த வாழைப்பழக் காட்சியில இன்னைக்கும் என் பேத்தி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. எத்தனை நாள் ஓடுச்சுன்னு அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியா ஒரு ஆங்கிலப் படம். 1957-ல வந்த ‘12 ஆங்கிரி மென்’. கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறை. அப்பனைக் கொன்னதா ஒரு பையன் மேல வழக்கு. தீர்ப்புச் சொல்ல சாதாரண ஜனங்க 12 பேர், எல்லாரும் ஒத்துப்போனாத்தான் தீர்ப்பு. முதல் ஓட்டுல 11 பேர் ‘குற்றவாளி’ங்கறாங்க. ஹென்றி ஃபோண்டா ஒருத்தர் மட்டும் ‘பேசிப் பாப்போம்’ங்கறார். கொலை செஞ்ச கத்தி மாதிரி வேற கத்தியே கிடையாதுன்னு மத்தவங்க அடிச்சுச் சொல்ல, அவர் தன் பையிலேருந்து அதே மாதிரி இன்னொண்ணை எடுத்து மேஜையில குத்துறார் பாருங்க, எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்குது! அந்தப் படமும் வந்தப்ப பெருசா ஓடல.

எதிரணி சொல்ற மாதிரி தலையை எண்ணியே தீர்ப்புச் சொல்லியிருந்தா, படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அந்தப் பையன் மின்சார நாற்காலிக்குப் போயிருப்பான். உங்க தீர்ப்புக்குக் காத்திருக்கேன் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.